சாம்ராஜ்யம் சரிந்த கதையை பஸ்ஸில் சொன்னவளுக்கு

போன வாரம் ராமநாதபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்பவரிடம் அந்த நாவலைப் பார்த்தேன். பரீட்சைக் கைடுகளுக்கும் சமையல் குறிப்புகளுக்கும் நடுவே கிடந்தது. உன்னிடம் இருந்த அதே பதிப்பு. அதே கறுப்பு அட்டை. குனிந்து எடுத்து விரித்து முகத்தருகே கொண்டுபோனேன். பழைய தாளின் வாசனை மட்டும்தான் வந்தது. நீ உன் புத்தகத்தை டிபன் பாக்ஸோடு ஒரே பையில் திணித்து வைப்பாய். அதனால் அந்தச் சாம்ராஜ்யம் முழுக்க எலுமிச்சை ஊறுகாய் மணக்கும். இதில் அது இல்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

“வேணாமாம்மா?” என்றார் கடைக்காரர்.

“படிச்சதுதாண்ணே” என்றேன். உண்மையில் நான் அதை ஒரு வரிகூடப் படித்ததில்லை. அந்த இங்கிலீஷ் எனக்கு ஓடாது. உன் வாயால் கேட்டதுதான் எல்லாம்.

கேட்டது எங்கே என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து உப்பூர், தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம் போகிற காலை பஸ்ஸில். நீ அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வருகிறவர்களுக்கு ரத்தம் எடுக்கிறவள். ஊரில் நீ பெரிய வீட்டுப் பெண். உன் வீட்டு வயலில் களையெடுத்து, கதிரறுத்து, கட்டுச் சுமந்தவர்களின் மகள் நான். ஒரே வயசுதான் நமக்கு. ஆனாலும் சின்ன வயதில் நாம் பேசிக்கொண்ட ஞாபகமே எனக்கில்லை. நீ கல்யாணமாகி மதுரைக்குப் போனாய். அங்கே ஒத்துவராமல் அய்யாவிடமே திரும்பி வந்து, வேலை தேடிக்கொண்டு, தினமும் பஸ் ஏற ஆரம்பித்த பிறகுதான் உன்னைக் கிட்டத்தில் பார்த்தேன்.

அய்யா. உன் அப்பாவை நீ அப்படித்தான் கூப்பிடுவாய். நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். உன் வாயில் அது உறவு. எங்கள் வாயில் அது துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பது.

முதல் நாள் உன் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ நகர்ந்து உட்கார்ந்தாய்.

“உக்காரு.”

“இருக்கட்டுங்க, நிக்கிறேன்.”

“ராம்நாடு வரைக்கும் நிப்பியா? கால் என்னத்துக்கு ஆகும்? உக்காரு புள்ள.”

சீட்டின் நுனியில் உட்கார்ந்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் விழப்போனேன். நீ என் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தாய். அப்படி ஆரம்பித்ததுதான். ‘நீங்க’ என்பதை விட எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. ஒரு நாள் கதையின் நல்ல கட்டத்தில் நிறுத்தினாய். “இன்னொரு தடவ நீங்கன்னு சொன்னேன்னா இந்த ராஜ்யம் என்னாச்சுன்னு சொல்லவே மாட்டேன்” என்றாய். எனக்கு அந்த ராஜ்யம் என்னவானது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நீ எனக்கு நீ.

நட்சத்திரம் நட்சத்திரமாய்ப் பரவிக் கிடக்கிற ஒரு பெரிய சாம்ராஜ்யம். அது விழப்போகிறது. ஆனால் தலைநகரத்தில் இருக்கிற ஒருவருக்கும் அது தெரியவில்லை. விளக்கெல்லாம் எரிகிறது, அதிகாரிகள் வருகிறார்கள், போகிறார்கள், ராஜா சிம்மாசனத்தில் இருக்கிறார். கணக்குப் போடுகிற ஒரு மனிதர் மட்டும் எழுந்து, ‘இது நிற்காது’ என்கிறார். நீ இதைச் சொல்லும்போது உன் குரல் கணக்கு டீச்சரின் குரலாக இருக்கும். கொஞ்சம் உரக்க. அதனால் முன் சீட்டும் பின் சீட்டும் கேட்கும். திருப்பாலைக்குடியில் மீன் கூடையோடு ஏறுகிற சபுரா அக்கா கூடையை டிரைவருக்குப் பின்னால் வைத்துவிட்டு நம் சீட்டுக்கு வந்து நிற்பாள்.

“நேத்து எங்கன விட்ட?” என்பாள்.

அவள் கேட்ட கேள்விகளுக்கு நீ தடுமாறியதுபோல வேறு யாரிடமும் தடுமாறி நான் பார்த்ததில்லை.

“விழுகப்போகுதுன்னு தெரிஞ்சா முட்டுக் குடுத்து நிறுத்த வேண்டியதுதானே?”

“நிறுத்த முடியாதுக்கா. உள்ளயே இத்துப்போச்சு.”

“பெறகு எதுக்கு அந்தாளு கணக்குப் போட்டாரு?”

“விழுந்ததுக்குப் பெறகு ஒரு இருட்டு வரும்லக்கா. படிச்சது, கண்டுபிடிச்சது எல்லாம் மறந்து, ஆளை ஆளு வெட்டிக்கிட்டு. சும்மா விட்டா அந்த இருட்டு தலமொற தலமொறயா நீளும். அதைச் சுருக்கத்தான் கணக்கு. கொஞ்சம் பேரை ஓரத்துக்கு அனுப்பி, தெரிஞ்சதையெல்லாம் சேத்து வைக்கச் சொல்றாரு.”

“வெதநெல்லு எடுத்து வைக்கிற மாதிரி” என்றேன் நான்.

“அதேதான்” என்று என் தொடையில் அடித்தாய்.

சபுரா அக்கா வேறொன்று கேட்டாள். “ஏத்தா, நானும் இம்புட்டு நாளாக் கேக்கேன். அந்தக் கதையில பொம்பளையாளே கெடையாதா? ஆம்பளைகளாவே பேசிக்கிட்டுத் திரியுறாக?”

நீ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாய். “எழுதுனவருக்குத் தோணல போலக்கா.”

“அதான் விழுந்திருச்சு” என்றாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததில் அது தானாக ஊதி, டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

நம் இருவருக்கும் மட்டுமான சண்டை ஒன்று அந்தக் கதையில் இருந்தது. அந்தக் கணக்குக்காரர் சொல்வது என்ன? பெருங்கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுவிடலாம், தனி ஆள் என்ன செய்வான் என்றுதான் போட முடியாது, அதைப் பற்றிக் கவலையும் வேண்டாம், வெள்ளம் போகிற பக்கம்தான் துளியும் போகும். உனக்கு அது வேதம். எனக்கு ஆகவே ஆகாது. ஒரு நாளைக்கு எத்தனையோ கைகளைப் பிடித்து ஊசி குத்துகிறவள் நான். ஒரு கை மாதிரி இன்னொரு கை இருக்காது. ஒருத்தருக்கு நரம்பு தானாக எழுந்து நிற்கும், ஒருத்தருக்குத் தேடினாலும் ஒளிந்துகொள்ளும்.

“அப்ப நான் ஒரு ஆளு என்ன செஞ்சாலும் ஒண்ணுமில்லையா?” என்பேன்.

“கணக்குல நீ வரமாட்ட புள்ள. கோவிச்சுக்காத.”

“உங்கய்யா?”

“அய்யாவும் வரமாட்டாக. நானும் வரமாட்டேன்.”

கோவித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். உப்பளங்கள் வெள்ளையாய் ஓடும். தேவிபட்டினம் வருவதற்குள் சரியாகிவிடும்.

நீ அந்தக் கதையை நம் ஊரோடு சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தது எப்போது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் நீயாகச் சொன்னாய். அந்த நாவலில் ஒரு கட்டம் வருமே, பெரிய பெரிய இயந்திரங்களைப் பூசாரிகள் மாதிரி ஆட்கள் கும்பிட்டுப் பராமரிப்பார்கள், அது எப்படி ஓடுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. “நம்ம கண்மாய் மடைக்கு வருசா வருசம் அய்யா மாலை போடுறாகல்ல? தேங்கா ஒடைக்கிறாகல்ல? வாய்க்காலத் தூர் வாரி எத்தனை வருசமாச்சு?” என்றாய். வாய்க்கால் கருவை மண்டிக் கிடப்பது எங்களுக்குத் தெரியாததா? எங்கள் வயல் கடைமடையில் இருந்தது. கண்மாயில் ஒரு சாண் தண்ணீர் குறைந்தால் மடையடியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்துவிடும். அதையும் நீதான் கதையோடு சேர்த்தாய். சாம்ராஜ்யம் சுருங்குவது முதலில் ஓரத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், நடுவில் இருப்பவர்களுக்குக் கடைசியில்தான் தெரியும் என்று.

அந்த வருசம் வந்தது. ஐப்பசி மழை ஏமாற்றியது. ஆற்றுத் தண்ணீரும் கண்மாய்க்குப் பாதிக்குமேல் வரவில்லை. பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு தண்ணீர் கிடைத்தால் நெல், இல்லையென்றால் சாவி, வெறும் பதர். இருக்கிற தண்ணீர் எல்லோருக்கும் எட்டாது என்பது கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. வழக்கப்படி முதல் தண்ணீர் மடைக்கு அடுத்த வயலுக்கு, பெரிய வீட்டு வயலுக்கு. அது நிறைந்து வழிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. உன் அண்ணன்கள் அவரவர் பங்கை விற்றுவிட்டு வெளியூர் போயிருந்தார்கள். மிச்சமிருந்த பெரிய துண்டு அந்த ஒன்றுதான். உன் அம்மா வழியில் உன் பேருக்கு வந்தது. பத்திரம் உன் பேரில், வாக்கு அய்யாவுடையது.

எங்கள் பக்கத்தில் இந்த முறை விடுவதாக இல்லை. அப்பா காலத்தில் குத்தகைக்கு உழுத நிலத்தைத் தம்பி முருகேசன் சொந்தமாக்கியிருந்தான். அவனும் கடைமடைக்காரர்களும் மண்வெட்டியோடு மடையடிக்குப் போவதென்று பேசி வைத்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது மண்வெட்டி மட்டும் இல்லை. அதை நான் உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு பஸ்ஸில் சொல்லிவிட்டேன்.

நீ புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாய்.

“அய்யா விடமாட்டாக. ஒன் தம்பியும் விடமாட்டான். ஒரு மண்டை ஒடையும். போலீஸ் வரும், கேஸ் நடக்கும். பெறகு ஒருத்தர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தர் போகமாட்டாக. நம்ம பிள்ளைக காலத்துலயும் தீராது.” விரலை மடக்கி மடக்கிக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாய். “எங்க வீட்டு அதிகாரம் எப்படியும் போகப்போகுது செல்வி. போகட்டும். அதுக்காக நான் அழல. அது போற போக்குல ஊரையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிரக் கூடாது.”

“என்ன செய்யப் போற?”

“தெரியல” என்றாய். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது போலத்தான் இருந்தது.

மடை திறந்த அன்று காலை நீ பஸ்ஸுக்கு வரவில்லை. நானும் போகவில்லை. தம்பிக்குப் பின்னாலேயே வரப்பில் ஓடினேன். அம்மா எனக்குப் பின்னால். மடையடிக்குப் போனால், நீ சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்காலிலிருந்து உன் வயலுக்குத் தண்ணீர் பிரிகிற வாமடையில் நிற்கிறாய். கையில் மண்வெட்டி பிடிக்கத் தெரியாது உனக்கு. கையாலேயே சேற்றை அள்ளி அள்ளி அடைத்துக்கொண்டிருந்தாய். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சண்டைக்கு வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் உன் வயலுக்குள் திரும்பாமல் நேரே ஓட ஆரம்பித்தது.

அய்யா வந்தார். கைத்தடியை ஊன்றி, வெள்ளை வேட்டி சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்தபடி.

“என்ன செய்யிற?”

“வாமடைய அடைக்கிறேன்யா.”

“பயிரு காயும்.”

“காயட்டும்யா. இது ஒண்ணு காஞ்சா அம்புட்டும் பொழைக்கும்.”

“முதல் தண்ணி நம்மளுது. எங்கய்யா காலத்துல இருந்து.”

நீ நிமிர்ந்து பார்த்தாய். கன்னத்தில் சேறு. “இந்த வயலு எம் பேருல இருக்குய்யா. நான் வேணாம்ங்கிறேன். நீங்க கோவிச்சாலும் சரி.”

ஊர் முன்னால் அவரிடம் அப்படிப் பேசியவர் இல்லை. அவர் திரும்பி வீட்டுக்குப் போய்விடுவார், இனி உன்னோடு பேசமாட்டார் என்று நீ நினைத்திருந்ததாகப் பிற்பாடு சொன்னாய். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அவர் திரும்பத்தான் செய்தார். ஆனால் வீட்டுப் பக்கம் இல்லை. வாய்க்கால் கரையில் தண்ணீர் போகிற திசையில் நடக்க ஆரம்பித்தார்.

தண்ணீர் மெதுவாகத்தான் போயிற்று. அங்கங்கே கருவையும் குப்பையும் மறித்தன. முருகேசன் முன்னால் ஓடிப்போய் வெட்டி வழி விட்டான், மற்றவர்களும் போனார்கள். அய்யா நின்று நின்று, தண்ணீரோடு நடந்தார். பின்னால் நீ, உனக்குப் பின்னால் நானும் அம்மாவும். வெயில் ஏறிவிட்டது. கடைமடைக்கு வந்து எங்கள் வயலுக்குள் தண்ணீர் நுழைந்தபோது அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியெல்லாம் சேறு.

“இம்புட்டுத் தூரமா இருக்கு இது?” என்று கேட்டார். யாரிடம் என்று இல்லை. தன் ஊரின் கடைசி வயலை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

பிறகு என் அம்மாவைப் பார்த்து, “தண்ணி இருக்கா தாயி?” என்றார். அம்மா பயந்துபோனாள். வேலைக்குக் கொண்டுவருகிற சொம்புதான் இருந்தது. அதைக் கொடுக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் வாங்கி அவரிடம் கொடுத்தேன். அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றோடு அவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. அதற்கடுத்த கோவில் திருவிழாவில் முதல் மரியாதையை வழக்கம்போல் அவரே வாங்கிக்கொண்டார். உன்னோடு மாதக்கணக்கில் பேசவில்லை. உன் வயல் காய்ந்து வைக்கோலாய் நின்றது. நீ தினமும் அதைக் கடந்துதான் பஸ்ஸுக்கு வந்தாய். ஆனால் மண்டை உடையவில்லை. போலீஸ் வரவில்லை. அதற்கடுத்த வருசம் வாய்க்காலை எல்லோரும் சேர்ந்து வெட்டினோம்.

மடை திறந்த மறுநாள் பஸ்ஸில் நான் உன்னை விடவில்லை. “பாத்தியா, தனி ஆளு. ஒன் கணக்குல வந்துச்சா?”

“வரல” என்றாய். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாய். “அய்யா அங்கன நடப்பாகன்னு நான் நெனைக்கவே இல்ல புள்ள.” கொஞ்ச நேரம் கழித்து உன் பிடிவாதம் திரும்பியது. “ஒரு ஆளு கணக்குல இருந்து தப்பிச்சா, கணக்கே தப்புன்னு ஆயிராது.”

உனக்கு நோய் வந்தபோது ரத்தம் எடுத்தது நான்தான். அந்த முடிவை முதலில் பார்த்ததும் நான்தான். டாக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நீ என் கண்ணைப் பார்த்துவிட்டு, “சரி” என்றாய். மதுரையில் பெரிய டாக்டர் உன்னிடம், இந்த நிலைமையில் இருக்கிறவர்களில் இத்தனை பேர் பிழைப்பார்கள், இத்தனை பேர் பிழைக்கமாட்டார்கள் என்று பதமாகச் சொன்னார். நீ கணக்கு டீச்சர், உனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. வெளியே மர நிழலில் உட்கார்ந்தோம். நீ என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய்.

“செல்வி, அவரு சொன்னது கூட்டத்துக்குக் கணக்கு. நான் தனி ஆளுதான?”

அத்தனை வருசம் நான் கத்திக் கத்திச் சொன்ன வாதம் அது. நீ அதை என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டாய்.

“ஆமா” என்றேன். “நீ தனி ஆளுதான்.”

“இந்த ஒரு தடவ நீ சொன்னது சரியா இருக்கட்டும் புள்ள.”

சரியாக இல்லை. கணக்குத்தான் ஜெயித்தது. ஆனால் அது ஜெயிக்கும் வரைக்கும் நீ அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாய், முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினாய். சபுரா அக்கா தினமும் உனக்கென்று ரெண்டு பாரை மீனை இலையில் மடித்துக் கொண்டுவந்தாள். சாப்பிட முடியாத நாளிலும் வாங்கிக்கொள்வாய்.

உன் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அய்யா என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். கூடத்தில் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“அவ பஸ்ஸுல ஏதோ கத சொல்லுவாளாம்ல. மீன்காரம்மா வந்து சொல்லி அழுதுச்சு. அது என்ன கத தாயி?”

சொன்னேன். நீ சொன்ன மாதிரி எனக்கு வரவில்லை. ஆனாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நட்சத்திரங்கள், தலைநகரம், விளக்குகள், உள்ளே இற்றுப்போனது, வரப்போகிற இருட்டு. அவர் நான் முடித்ததும் நிமிர்ந்தார்.

“அந்த ராசாகிட்ட யாராச்சும் முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னாகய்யா. கேக்க யாருக்கும் மனசு வரல.”

“சொன்னது யாரு?”

“கணக்குப் போடுற ஒருத்தரு.”

அவர் தலையை ஆட்டினார். உள்ளே, உன் அறையின் சாத்திய கதவைப் பார்த்தார். “கணக்கு வாத்தியாரு” என்றார். அவ்வளவுதான். கைத்தடியைத் தரையில் வைத்துவிட்டு ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து போகவில்லை. அவர் அழுது முடிக்கிற வரைக்கும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மாதம் ஒரு தடவை போய் ரத்தம் எடுத்து வருகிறேன். நரம்பு எளிதில் கிடைக்காது. கையை நீட்டிக்கொண்டு பொறுமையாக இருப்பார்.

இனி, இன்றைக்கு நடப்பதைச் சொல்கிறேன். உனக்குப் பிடிக்காது. ஆனால் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பெரிய வீட்டு வயலை இப்போது உழுவது முருகேசன்தான். அய்யாவே கொடுத்தார். பாசனச் சங்கத்தில் அவன்தான் தலைவர். மடையில் மாலை போடுவதும் அவன்தான். எங்கள் கடைமடை வயலுக்கும் அப்பால், கருவைக்காட்டை வெட்டித் திருத்திச் சில குடும்பங்கள் நெல் போட ஆரம்பித்திருக்கின்றன. கூலி வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். வாய்க்காலை அவர்கள் நிலம் வரைக்கும் நீட்டித் தரச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார்கள்.

“அவகளுக்கு என்ன பாத்தியதை இருக்கு? நம்மளே இப்பத்தான் தலையெடுத்திருக்கோம்” என்றான் முருகேசன். எங்கள் வீட்டில், சாப்பிட்டுக்கொண்டே. நல்லவன்தான் அவன். உனக்குக் கொள்ளி வைக்க உன் அண்ணன் வந்து சேர நேரமானபோது, வெயிலில் நின்று எல்லாக் காரியமும் பார்த்தவன். பாத்தியதை இல்லை என்று சொல்லும்போதும் அவன் முகத்தில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்குத் திக்கென்றது.

சங்கக் கூட்டத்துக்குப் போனேன். நிலம் என் பேரிலும் கொஞ்சம் இருப்பதால் போகலாம். ஆனால் பெண்கள் யாரும் அங்கே போய்ப் பேசியதில்லை. எழுந்து நின்றேன். உன் கதையையெல்லாம் சொல்லவில்லை. இன்றைக்கு நாம் வாய்க்காலை நீட்டித் தரவில்லையென்றால் நாளைக்கு அவர்கள் வெட்டிக்கொள்வார்கள், அன்றைக்கு நம் பிள்ளைகள் மடையடியில் கம்போடு நிற்பார்கள், அதை இப்போதே தவிர்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், “அக்கா சொல்றதுலயும் ஒண்ணு இருக்கு” என்றார். முருகேசன் என்னைப் பார்க்கவில்லை. முடிவு எடுக்காமல் தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டத்திலும் எழுந்து பேசுவேன். எப்படி முடியும் என்று தெரியாது.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது தைரியம் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும், அது தைரியம் இல்லை. ஒரு பயம். களம் நிறைந்து, என் மகள் காலேஜுக்குப் போய், நாலு பேர் எங்களை மதித்துப் பேசுகிற இந்த நல்ல காலத்தில், வயிற்றுக்குள் சத்தமில்லாமல் வந்து உட்காருகிற பயம். யாரையோ பார்க்காமல் விட்டுவிட்டோமோ, எதையோ கேட்காமல் விட்டுவிட்டோமோ என்று. முன்பெல்லாம் எங்களுக்கு இப்படிப் பயம் வந்ததில்லை, இழக்க ஒன்றும் இல்லாததால். இப்போது வருகிறது. அதைப் போக்கிக்கொள்ள நான் எந்தச் சாமியையும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்தப் பயம் என்னோடே இருக்கட்டும்.